நியூகாசில் வார்டுல பேசுறது எந்த ஊர் இங்கிலீஷ்?

களக்காட்டுக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் களக்காடு. நாகர்கோவில்ல நர்சிங் முடிச்சிட்டு, பாளையங்கோட்டையில கோச்சிங் போய் ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சை எழுதினேன். லிசனிங்ல எட்டு வந்துச்சு. இப்ப இங்கிலாந்தோட வடகிழக்கு மூலையில, நியூகாசில் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியில, வயசானவங்க வார்டுல வேலை பாக்கேன்.

டாக்டர்மார் பேசுறது புரியுது. பரீட்சைக்குக் கேட்ட ஆடியோ மாதிரிதான் இருக்கு. பேஷன்ட் வாயைத் திறந்தா எனக்கு வேர்த்துருது. சுத்துவட்டாரத்துல முன்னாடி நிலக்கரிச் சுரங்கம் நிறைய இருந்திருக்கு, அதுல வேலை பார்த்த தாத்தாமார் பாதி பேர் எங்க வார்டுலதான் இருக்காங்க. ஒருத்தரு என்னை 'நோர்ஸ்'னு கூப்பிடுதாரு. வீடு 'ஹூஸ்', டவுன் 'டூன்'. நேத்து என் கையைப் பிடிச்சு 'ஆம் கேனின் யெம் த மோரா'ன்னாரு. அவரு முகமெல்லாம் சிரிப்பு. கூட நின்ன இந்த ஊர்ப் பிள்ளை சொல்லித்தான், 'நாளைக்கு வீட்டுக்குப் போறேன்'னு சொல்லுதாருன்னு தெரிஞ்சது.

இன்னொரு பாட்டி 'டின்னர் முடிஞ்சு மாத்திரை போட்டாச்சு'ங்காங்க. அப்ப மணி மத்தியானம் ரெண்டு. ராத்திரி டின்னரே இன்னும் வரலியே!

அப்புறம் எல்லாரும் என்னை 'பெட்'டுங்காங்க. பெட்டுன்னா நாய் பூனையில்ல? இது மரியாதைக் குறைவா, நான் கோவிக்கணுமா?

என்னோட ரூம்ல இருக்க கோட்டயத்துப் பிள்ளை, 'புரியலேன்னா தலையை ஆட்டிட்டுப் போயிரு, ஆறு மாசத்துல சரியாயிரும்'ங்கா. எனக்கு மனசு ஒப்பல. இவங்க பேசுறது இங்கிலீஷ்தானா, இல்ல கெட்டுப்போன இங்கிலீஷா? நான் இதைப் படிக்கணுமா? ஊர்ல இங்கிலீஷ் தெரிஞ்சவங்க யாராவது விளக்கமாச் சொல்லுங்க.

பெருமாள்புரம் வாத்தியார்:

மகளே, தலையை மட்டும் ஆட்டிராதே. மாத்திரை விஷயத்துல தலையாட்டுறது எங்க கொண்டுபோய் விடும்னு உனக்கே தெரியும். உன் மனசு ஒப்பலேன்னு எழுதியிருக்கே பாரு, அதுதான் சரி.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். மகள் இங்கிலாந்துல லீட்ஸ்ல இருக்கா. அங்க போய்த் தங்கியிருந்தப்ப பஸ் டிரைவர்லேருந்து கறிக்கடைக்காரர் வரை ஒவ்வொருத்தர் பேச்சையும் காதைத் தீட்டிக் கேட்டிருக்கேன். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால கொஞ்சம் நீளமா எழுதுவேன்.

அந்தத் தாத்தா பேசுறது கெட்டுப்போன இங்கிலீஷ் இல்லை. பல இடத்துல உன் கோச்சிங் ஆடியோவை விட அவரு பேச்சுதான் பழசு. 'ஹூஸ்', 'டூன்' ரெண்டையும் எடுத்துக்கோ. 1400-ல செத்துப்போன சாசர்ங்கிற கவிஞர் காலத்துல லண்டன்லயும் வீடு 'ஹூஸ்'தான். அதுக்கப்புறம் ஏறக்குறைய 300 வருஷத்துக்குள்ள தெற்கே நெடில் உயிரொலி எல்லாம் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு இடம் மாறிப்போச்சு. 'நாம'ன்னு சொல்லிக்கிட்டு இருந்தது 'நேம்' ஆச்சு, 'டீம' இருந்த இடத்துல 'டைம்' வந்தது, 'ஹூஸ்' 'ஹவுஸ்' ஆச்சு. இந்தக் கடைசி மாற்றம் மட்டும் வடக்கே, ஸ்காட்லாந்து எல்லைப் பக்கம் போய்ச் சேரவே இல்லை. அங்க 'ஹூஸ்' ஹூஸாவே நின்னுட்டு. நியூகாசில் புட்பால் டீமை அந்த ஊர்க்காரங்க 'டூன்'னு கூப்பிடுறதை நீயே டிவியில கேட்டிருப்பே. அது யாரும் வேணும்னு திரிச்ச சொல் இல்லை.

இங்கிலீஷ் எழுத்து நம்ம பிள்ளைகளை ஏன் இந்தப் பாடு படுத்துதுங்கிறதுக்கும் இதுலயே பதில் இருக்கு. 1476-ல காக்ஸ்டன் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர்ல அச்சுக்கூடம் வச்சாரு. வாய் மாறிக்கிட்டு இருந்த அந்தக் காலத்துலதான் அச்சு எழுத்து இறுக ஆரம்பிச்சது. வாய் ஓடிப்போச்சு, எழுத்து அங்கேயே நிக்கு. 'நைட்'னு சொல்ற குதிரை வீரனை எழுதும்போது முன்னாடி நிக்கிற 'கே'யும் நடுவுல நிக்கிற 'ஜிஹெச்'சும் ஒரு காலத்துல உண்மையிலேயே உச்சரிச்ச ஒலிகள். ராத்திரியை ஸ்காட்லாந்துல இன்னைக்கும் 'நிக்ட்'டுன்னு, அந்த 'ஜிஹெச்' தொண்டையில உரச, சொல்ற பெரியவங்க இருக்காவ.

இனி 'கேனின் யெம்'. 'கேன்' அவங்க ஊர்ல 'போ'. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பழைய இங்கிலீஷ்ல 'போக' என்கிறதுக்கு 'கான்'தான். 'யெம்' வீடு. நார்வேக்காரன் கிட்ட 'வீட்டுக்கு' என்கிறதுக்கு என்னன்னு கேளு, அவனும் 'யெம்'ம்பான். ரெண்டும் ஒரே வேர். குழந்தையை 'பெயர்ன்'னு சொல்லுவாங்க, கேட்டிருப்பே. நார்வே, டென்மார்க்ல 'பார்ன்'. இங்கிலீஷ் பேசின ஆங்கில்ஸ், சாக்சன் கூட்டமே 5-ஆம் நூற்றாண்டுல ஜெர்மனி, டென்மார்க் கரையிலேருந்து கப்பல்ல வந்தவங்க. பிறகு 793-ல, நார்வே, டென்மார்க் பக்கத்துக் கடலோடிகளான வைக்கிங்குகள் லிண்டிஸ்பார்ன் மடத்தைக் கொள்ளையடிச்சாங்க. அந்தத் தீவு நீ இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே, அதே கடற்கரையில இருக்கு. லீவு கிடைச்சா போய்ப் பாரு. அவங்க வம்சத்துல பலபேர் பிறகு இங்கிலாந்துலயே குடியேறி, பொண்ணு கட்டி, உழுது பிழைச்சாங்க. அந்தக் கலப்புலதான் 'தே', 'தெம்' எல்லாம் இங்கிலீஷுக்குள்ள வந்தது. ஒரு மொழி இன்னொரு மொழிகிட்டேருந்து பொருட்பேரை வாங்குறது சகஜம், 'அவங்க' என்கிற சொல்லையே வாங்குதுன்னா எவ்வளவு நெருங்கி வாழ்ந்திருக்கணும்!

டின்னர் விஷயம் உன் வேலைக்கு முக்கியம், கவனமாக் கேளு. முன்னாடி இங்கிலாந்து முழுக்க டின்னர்னா பகல்ல சாப்பிடுற பெரிய சாப்பாடுதான். 18, 19-ஆம் நூற்றாண்டுல பணக்கார வீடுகள்ல அது கொஞ்சம் கொஞ்சமாப் பிந்திப் பிந்தி ராத்திரிக்குப் போச்சு. இடையில விழுந்த பள்ளத்துல 'லஞ்ச்' வந்து உக்காந்தது. வடக்கே உழைக்கிற சனங்க வீட்டுல அது நகரல. டின்னர் இன்னும் மத்தியானச் சாப்பாடு, சாயங்காலம் அஞ்சு ஆறு மணிக்குச் சாப்பிடுறது 'டீ'. அந்த 'டீ'யில உருளைக்கிழங்கு, கறி எல்லாம் இருக்கும், வெறும் தேத்தண்ணி இல்லை. பள்ளிக்கூடத்துல மத்தியானம் சாப்பாடு போடுற அம்மாமாரை அந்த நாடு முழுக்க 'டின்னர் லேடி'ன்னுதான் சொல்லுவாங்க. அதனால உங்க பாட்டி சொன்னது சரி. சாப்பாட்டுப் பேரை வச்சு மாத்திரை நேரம் எழுதாதே. 'மணி என்ன இருக்கும்?'னு கேட்டு, மணியை எழுது.

'நோர்ஸ்' உச்சரிப்பும் அப்படித்தான், அந்த வட்டாரத்தோட பழைய ஒலி. அதுல ஒரு எச்சரிக்கை. அங்க 'வொர்க்' கிட்டத்தட்ட 'வோக்'னு காதுல விழும், நடக்குறது 'வாக்'னு விழும். 'வோக் பண்ண முடியல'ன்னு ஒருத்தர் சொன்னா, நடக்க முடியலேன்னு எழுதிராதே. வேலைக்குப் போக முடியலேன்னு இருக்கலாம். இதுலயும் கேட்டுத் தெளிஞ்சுக்கோ.

'பெட்'டுக்கு நீ கோவிக்கவே வேண்டாம். நம்ம ஊர் பஸ்ல கண்டக்டர் முன்னப்பின்ன தெரியாத பொம்பளைப் பிள்ளையைப் பார்த்து 'உள்ள போ தாயி'ங்காரே, அந்தத் 'தாயி'தான் இது. இன்னும் பாசம் கூடினா 'ஹின்னி'ம்பாங்க. லீட்ஸ்ல எனக்கு, இந்த நரைச்ச மண்டைக்கு, பஸ் டிரைவர் 'லவ்'னு சொல்லி டிக்கெட் குடுத்தாரு.

இதைப் படிக்கணுமான்னு கேட்டே. நீ அவங்களை மாதிரிப் பேச வேண்டாம். காதுக்குப் பழக்கு, அது போதும். புரியாததை உன் சொல்லுல திருப்பிச் சொல்லி 'இதுதானே?'னு கேளு. சுரங்கத்துக்குள்ள ஆயுசைக் கழிச்ச மனுஷனுக்கு, களக்காட்டுலேருந்து வந்த பிள்ளை தன் பேச்சைக் காது குடுத்துக் கேக்குதுன்னா அதை விட வேற மருந்து வேணுமா?

உவரி கடலோடி:

தங்கச்சி, வாத்தியார் கடைசியில சொன்னதை நான் கப்பல்ல இருந்து சொல்லுதேன். நான் செகண்ட் ஆபீசர். கப்பலை ஓட்டுற பிரிட்ஜ்ல பிலிப்பைன்ஸ்காரர், உக்ரைன்காரர், கிரேக்க கேப்டன், துறைமுகத்துக்கு வழிகாட்ட ஏறி வர்ற பைலட் ஸ்காட்லாந்துக்காரர்னு வச்சுக்கோ. எல்லாருக்கும் இங்கிலீஷ்தான், ஆனா ஆளுக்கு ஒரு இங்கிலீஷ். காத்து அடிக்கிற நேரத்துல ரேடியோவுல இது விளையாட்டுக் காரியம் இல்லை.

அதுக்காகவே சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல கப்பல்காரங்களுக்குன்னு நிலையான இங்கிலீஷ் வாக்கியங்களை ஏத்துக்கிட்டு வெளியிட்டது. நாங்க அதைப் படிச்சுத்தான் சர்டிபிகேட் வாங்குதோம். அதுல எனக்குப் பிடிச்ச விதி, எண்ணை ஒவ்வொரு இலக்கமாச் சொல்லணும். நூத்தி அம்பதுன்னா 'ஒன் பைவ் ஜீரோ'. பிப்டீனும் பிப்டியும் எந்த ஊர்க்காரன் வாயிலயும் குழம்பும். டோஸ் சொல்லும்போது நீயும் 'ஒன் பைவ்'னு பிரிச்சுச் சொல்லிரு. இன்னொண்ணு, 'மே', 'மைட்', 'ஷுட்', 'குட்' நாலும் ஆபத்தான சொல்லுன்னு அந்தப் புத்தகமே சொல்லுது. அனுமதியா, வாய்ப்பா, உத்தரவான்னு கேக்குறவனுக்குத் தெரியாது.

கேட்ட சேதியை அப்படியே திருப்பிச் சொல்றது எங்க தொழில்ல கட்டாயம். 'சே அகெய்ன்'னு கேக்குறதுல எங்களுக்கு வெக்கமே கிடையாது. முப்பது வருஷம் சர்வீஸ் உள்ள கேப்டனும் கேப்பாரு.

தென்காசி அக்கா:

நான் அயர்லாந்துல, கார்க் பக்கம் நர்ஸ். பிள்ளே, உனக்கு அங்க டின்னர், எனக்கு இங்க 'ஆப்டர்'. வயசானவங்க 'ஐம் ஆப்டர் டேக்கிங் மை டேப்லட்ஸ்'னு சொல்லுவாங்க. பரீட்சை இங்கிலீஷ்ல இதுக்கு என்ன அர்த்தம் பண்ணுவே? மாத்திரை தேடுதாங்கன்னா? 'இப்பத்தான் மாத்திரை போட்டேன்'னு அர்த்தம்! திரும்ப ஒரு டோஸ் குடுத்துரக்கூடாது. இவங்களோட சொந்த மொழியான ஐரிஷ்ல அப்படித்தான் வாக்கியம் அமையும், அந்த அச்சுலயே இங்கிலீஷை வார்த்துட்டாங்க. நாம தமிழ் அச்சுல வார்க்கலியா?

நம்ம பக்கத்து வார்ப்பும் அவங்களுக்குப் புரியாதுங்கிறதை மறந்துராதே. 'ஐ ஹாவ் எ டவுட்'னு டாக்டர்கிட்டப் போய் நிக்காதே. நமக்கு அது 'ஒரு சந்தேகம் கேக்கணும்'. அவருக்கு அது 'நீங்க சொன்னதுல எனக்கு நம்பிக்கை இல்லை'. 'கொஸ்டின்'னு சொல்லு. 'லூஸ் மோஷன்'னு எழுதாதே, 'டயரியா'ன்னு எழுது. 'எக்ஸ்பயர்டு'ன்னு மனுஷங்களுக்குச் சொல்லாதே, இங்க பாலும் ரொட்டியும்தான் எக்ஸ்பயர் ஆகும். சொந்தக்காரங்ககிட்ட 'டைடு', இல்ல 'பாஸ்டு அவே'.

'பூர்லி'ங்கிற சொல்லையும் கவனி. உடம்பு சரியில்லைன்னு சாதாரணமாச் சொல்றதுதான், ஆனா ஷிப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவர்ல சிஸ்டர் 'வெரி பூர்லி'ன்னு சொன்னா அந்தப் பேஷன்ட்டை முதல்ல போய்ப் பாரு.

டவுன் ரதவீதி:

வாத்தியார் சார் மேல மரியாதை உண்டு, ஆனா இந்த விஷயத்துல ஒத்துக்க முடியல. எந்த மொழிக்கும் ஒரு அளவுகோல் வேணும். ராணி பேசினதுதான் இங்கிலீஷ், பிபிசியில வாசிக்கிறதுதான் இங்கிலீஷ். சுரங்கத்துல வேலை பார்த்தவர் பேச்சைப் போய்ப் பழசு, பெருமைன்னா, நாம பிள்ளைகளுக்கு லட்ச லட்சமாச் செலவு பண்ணி எதுக்கு இங்கிலீஷ் மீடியத்துல சேக்கணும்?

பெருமாள்புரம் வாத்தியார்:

தம்பி, அளவுகோல் வேணும்கிறதுல எனக்கும் உமக்கும் சண்டையே இல்லை. சார்ட் எழுத, சட்டம் எழுத, மருந்துச் சீட்டு எழுதப் பொது இங்கிலீஷ் வேணும். நானும் அதைத்தான் ஆயுசு முழுக்கப் போதிச்சேன். அந்தப் பொது இங்கிலீஷ் எங்கேயோ நிலையா நிக்குது, மத்ததெல்லாம் அதுலேருந்து வழுக்கி விழுந்ததுன்னு நினைக்கிறீரே, அதைத்தான் ஒத்துக்க முடியாது.

ராணியையே எடுத்துக்குவோம். ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் எலிசபெத் ராணியோட கிறிஸ்துமஸ் உரைகளை, 1950-களோடதையும் 1980-களோடதையும், உயிரொலி உயிரொலியா அளந்து பார்த்தாங்க. 2000-த்துல 'நேச்சர்' இதழ்ல வந்தது. அந்த அம்மாவோட உயிரொலிகளே நகர்ந்திருக்கு. தெற்கு இங்கிலாந்துல இளையவங்களும் சாமானியரும் பேசுற பக்கமா நகர்ந்திருக்கு! ராணியே ராணி இங்கிலீஷ்ல நிக்கல.

பிபிசிக்காரர் 'கார்'னு சொல்லும்போது கடைசி 'ர்' கேக்காது. அதுதான் நாகரிகம்னு நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்காவ. ஷேக்ஸ்பியர் காலத்துல லண்டன்ல அந்த 'ர்' இருந்தது. 18-ஆம் நூற்றாண்டு கடைசியிலதான் லண்டன் பக்கம் அது உதிர்ந்து பரவினது. அதுக்கு முன்னாலயே கப்பலேறிப் போன அமெரிக்காக்காரங்க பெரும்பாலும் அதை வச்சிருக்காங்க, அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் வச்சிருக்கு. இலையுதிர் காலத்தை அமெரிக்காவுல 'ஃபால்'ங்கிறதைக் கொச்சைன்னு நினைக்கவங்க இருக்காவ. அதுவும் இங்கிலாந்துலேருந்து போன சொல்தான். போன இடத்துல நின்னுட்டு, பிறந்த இடத்துல 'ஆட்டம்'ங்கிற சொல் ஜெயிச்சுட்டு.

ஜெயிக்கிறதைப் பத்தி காக்ஸ்டனே ஒரு சம்பவம் எழுதி வச்சிருக்காரு, 1490-ல. தேம்ஸ் நதியிலேருந்து கப்பலேறின வியாபாரிங்க, காத்து இல்லாம கென்ட் கரையில இறங்கி, ஒரு வீட்டுல முட்டை கேட்டாங்க. 'எக்ஸ்'னு கேட்டாங்க. அந்தம்மா, 'எனக்குப் பிரெஞ்சு தெரியாது'ன்னுட்டு. கேட்டவருக்குக் கோவம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! பிறகு இன்னொருத்தர் 'எய்ரென்'னு சொன்ன பிறகுதான் அந்தம்மாவுக்குப் புரிஞ்சது. ஒரே நாடு, லண்டனுக்கும் கென்டுக்கும் பக்கம்தான், ஒரு முட்டைக்கு இவ்வளவு பாடு. எதை அச்சடிக்கன்னு காக்ஸ்டன் திகைச்சுப் போய் எழுதுறாரு. 'எய்ரென்' பழைய இங்கிலீஷ்ச் சொல். 'எக்' வைக்கிங்குகளோட சொல், வடக்கேருந்து வந்தது. கடைசியில எது நின்னுச்சுன்னு காலையில ஆம்லேட் சாப்பிடும்போது யோசிச்சுப் பாரும். வடக்குக்காரன் சொல்லுதான் ராணி தட்டுலயும் இருந்தது. எது நிக்கும், எது போகும்னு தீர்மானிக்கிறது வியாபாரம், அச்சு, அதிகாரம், குடியேற்றம். சொல்லோட தரம் இல்லை.

இன்னொண்ணும் சொல்லணும். நம்ம சீமைக்கு வந்த வெள்ளைக்கார ஊழியக்காரங்க எல்லாரும் லண்டன்காரங்களா? பாளையங்கோட்டைக்கு 1820-ல வந்த ரேனியஸ் ஐயர் ஜெர்மானியர். டோனாவூர்ங்கிற பேரே, அவருக்குப் பணம் அனுப்பின டோனா பிரபு என்கிற ஜெர்மானியர் பேரு. இடையன்குடி கால்டுவெல் அயர்லாந்துல பிறந்து, ஸ்காட்லாந்துல கிளாஸ்கோவுல வளர்ந்தவரு. சாயர்புரம் போப் இப்ப கனடாவுல இருக்கிற ஒரு தீவுல பிறந்தவரு. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மா வட அயர்லாந்து. திருநெல்வேலிச் சீமை ஒரே ஒரு இங்கிலீஷை எந்தக் காலத்துலயும் கேட்டதில்லை தம்பி. அந்தக் கால்டுவெல்தான் 1856-ல நம்ம மொழிகளோட ஒப்பிலக்கணம் எழுதி, இதுக எல்லாம் ஒரு தனிக் குடும்பம்னு உலகத்துக்கு நிறுவினாரு.

நம்ம பேச்சைச் சினிமாவுல 'ஏலே'ன்னு ரெண்டு சொல்லைப் போட்டுச் சிரிக்கும்போது உமக்கு வலிக்குமா வலிக்காதா? இப்ப உம்மகிட்டப் பேசுதேனே, இந்த 'நீரும்' 'உம்மும்' சென்னைப் பேச்சுல உண்டா? அதைக் கெட்டுப்போன தமிழ்னு யாராவது சொன்னா நீரே சண்டைக்குப் போவீர். நியூகாசில் தாத்தாவுக்கும் அந்த நியாயத்தைக் குடும்.

களக்காட்டுக்காரி:

சார், அக்கா, அண்ணாச்சி, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டோனாவூர் எங்க வீட்டுலேருந்து ரொம்பப் பக்கம், அந்தப் பேருக்குப் பின்னால இப்படி ஒரு கதை இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும். மாத்திரை நேரத்துக்கு மணி கேட்டு எழுத ஆரம்பிச்சிட்டேன். டோஸையும் 'ஒன் பைவ்'னுதான் சொல்லுதேன். கூட வேலை பார்க்கிற பிள்ளையும் அதைப் பிடிச்சுக்கிட்டா.

இன்னும் ஒண்ணே ஒண்ணு சார். யார்க்‌ஷயர்லேருந்து மகன் வீட்டுக்கு வந்து உடம்புக்கு முடியாம இங்க சேர்ந்த ஒருத்தர், காலையில 'ஐ டிடின்ட் ஸ்லீப் வைல் போர்'ங்காரு. நாலு மணிக்கு என்னன்னு எனக்கு விளங்கல. வலியா, கெட்ட கனவா?

பெருமாள்புரம் வாத்தியார்:

யார்க்‌ஷயர்ல 'வைல்'னா 'வரைக்கும்' மகளே. ஷேக்ஸ்பியர் நாடகத்துலயும் அந்தப் பொருள்ல வரும். மில்லுல 'சிக்ஸ் வைல் டூ' ஷிப்டுன்னா ஆறுலேருந்து ரெண்டு வரை. அவரு சொன்னது, விடியக்காலம் நாலு மணி வரை தூக்கமே இல்லைன்னு. ஏன் தூங்கலேன்னு கேளு. கேட்டுட்டு, 'நாலு மணி வரை விழிச்சிருந்தார்'னு பொது இங்கிலீஷ்ல ரிப்போர்ட்டுல எழுது. ராத்திரி வர்ற டாக்டர் அதைப் பார்க்கணும்.